தேளுக்கு முன்னால் ஒரு புள்ளி

என் தோலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே கீறினாலும் கீறல் ஆறிவிடும். ஆறி இரண்டு வாரம் ஆனதும் அதே இடம் சிவந்து வெள்ளையாகச் செதில் கட்டும். ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கெண்டைக்காலில் பிரம்பால் இரண்டு போட்டார். பதினைந்து நாள் கழித்து அந்த இரண்டு கோடும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக எழும்பி நின்றன. வாத்தியார் பார்த்தார். அதற்கப்புறம் என்னை அடிப்பதை நிறுத்திக்கொண்டார். இந்த வியாதியால் எனக்குக் கிடைத்த லாபம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் அதற்கு சோரியாசிஸ் என்று பெயர். தங்கச் சுரங்கத்து ஊரான மாரிகுப்பத்தில், கம்பெனி வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் யார் வாயிலும் அது நுழையவில்லை. செதில் என்றார்கள், படை என்றார்கள், என் காதில் விழாது என்று நினைத்தபோது குஷ்டம் என்றார்கள். இது ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அம்மா குழாயடியில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, நான் பிடித்த குழாயை ஒருதரம் கழுவிவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். சலூனில் எனக்குக் கத்தி வைக்க யோசித்தார்கள். நானே சவரம் செய்துகொண்டால் வெட்டுப்பட்ட இடத்தில் செதில் வரும். அதனால் தாடி வளர்த்தேன். சுரங்கத்தில் எனக்குச் சாமியார் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். புத்தர் படம் மட்டும் மாட்டியிருந்த வீட்டிலிருந்து ஒரு சாமியார்.

பத்து வயதிலிருந்து அம்மா எனக்கு எண்ணெய் தடவி வந்தாள். வெட்பாலை இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் ஒரு வாரம் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்ததும் பாயில் குப்புறப் படுப்பேன். அம்மா முதுகில் ஆரம்பித்துக் கால்வரைக்கும் போவாள். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளைக்கு அதில் வெட்கம் இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. அண்ணன்தான் கிண்டல் செய்வான். உள்ளே வரும்போதே, "இன்னாம்மா, தோசைக்கு எண்ணெ ஊத்தியாச்சா? திருப்பிப் போட்டியா?" என்பான். அண்ணனுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம். வழவழப்பான உடம்பு. அவன் சட்டையில்லாமல் நடந்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நைனா நுரையீரலில் தூசி சேர்ந்து முன்பே போய்விட்டார். அண்ணன் ஆழத்து லெவல் ஒன்றில் பாறை துளைக்கும் வேலையில் இருந்தான். நான் டிம்பர் கேங்கில், பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட்.

கீழே எப்படி வேலை செய்வோம் என்பதைச் சொல்ல வேண்டும். இறங்கும்போது ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவோம். இன்னார் உள்ளே இருக்கிறார், இன்னார் வெளியே வந்துவிட்டார் என்பதெல்லாம் அந்த டோக்கன் கணக்குத்தான். ஆனால் அவ்வளவு ஆழத்தில் இருக்கிற சூட்டில் சட்டையோடு யாரும் வேலை செய்ய முடியாது. வேலையிடம் போனதும் சட்டையைக் கழற்றி மரத்தில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டுவோம். மூன்று பேர் என்றால் மூன்று சட்டையும் அதே ஆணியில். அதற்கப்புறம் எல்லோரும் அரை டிராயரோடு, மேலெல்லாம் தூசி அப்பி, ஒரே மாதிரிதான் இருப்போம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம், காலை பத்து மணி இருக்கும், லைனில் எல்லா வீட்டுப் பாத்திரமும் ஆடி நின்றது. கீழே பாறை வெடித்தால் மேலே பாத்திரம் ஆடும். ஏர் பிளாஸ்ட் என்போம். சுரங்க வாயான ஷாஃப்டுக்கு எல்லோரும் ஓடினோம். அண்ணனோடு சேர்த்து மூன்று பேர் இருந்த இடம் மூடிக்கொண்டது. இரண்டு நாளில் இரண்டு பேரை எடுத்தார்கள். மூன்றாவது ஆளுக்காக உள்ளே போனபோது பாறை மறுபடி உதிர ஆரம்பித்தது. இனி ஒருவரும் போகக் கூடாது என்று அந்த இடத்துக்குச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். சட்டைகள் மூன்றும் ஒரு கிழிசல் இல்லாமல் மேலே வந்து சேர்ந்தன, டோக்கனோடு.

எடுத்த இருவரின் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இடுப்புக்குக் கீழே பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். மூன்று குடும்பத்தையும் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா முதலில் போனார். ஒருவரின் வலது முழங்கையடியில் தேள் பச்சை குத்தியிருந்தது. அதைப் பார்த்ததும், "இவருதான், எங்க வூட்டுக்காரருதான்" என்று கத்திக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்கு ஊரான குப்பம் பக்கத்திலிருந்து தம்பியைத் தேடி வந்த ஒரு பெரியவர் போனார். மீதியிருந்த உடம்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "தெலீது, நாக்கு தெலீது" என்று தெலுங்கில் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வராந்தாவில் குந்திவிட்டார். கடைசியாக அம்மா போனாள்.

நான் போகவில்லை. வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். போக வேண்டும் என்று தெரியும். கால் நகரவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் அதை அலங்காரம் செய்து சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அம்மா கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். "எங்களுதுதான்" என்று அங்கிருந்த குமாஸ்தாவிடம் சொன்னாள். என்னைப் பார்த்து, "எடுத்துகினு போலாம், வா" என்றாள்.

வீட்டில் அம்மாவும் லைன் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். நான் வெளியே நின்று குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் பௌத்த சங்கத்துப் பெரியவர் ஒருவர் பஞ்சசீலம் சொன்னார், எல்லோரும் திருப்பிச் சொன்னோம். புதைத்துவிட்டு வந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று இருந்தேன். சாப்பாடு வந்தது, தூக்கம் வந்தது, வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான். லைனில், "அழவச்சு உடுங்க, இல்லன்னா நெஞ்சுல நின்னுடும்" என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரையும் எதை வைத்து அழவைப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பத்து நாளில் நான் மறுபடி இறங்கினேன். லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை இல்லையென்றால் வீடு இல்லை. என் ஒருவன் வேலைதான் இனி. அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து கேஜிலிருந்து வெளியே வந்தால், கேட் பக்கத்தில் அம்மா நிற்கிறாள். காலையில் என் பின்னாலேயே வந்தவள் அங்கேயே நின்றிருக்கிறாள். சோறு தண்ணீர் கிடையாது. மறுநாளும் அப்படியே. நான் கோபித்துக்கொண்டேன். வாட்ச்மேன் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னாப்பா, உங்கம்மாவ ஊட்ல இருக்கச் சொல்லு, எனக்குத் திட்டு உழுது" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே உட்கார ஒரு கல்லை உருட்டிப் போட்டுக் கொடுத்தார். நான் கீழே இருக்கிற எட்டு மணி நேரமும் அம்மா அந்தக் கல்லில். நான் மேலே வந்த பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சாப்பிடுவாள். அதற்குமேல் இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கை நின்றது. நான் குப்புறப் படுத்திருந்தேன்.

"அது அவன்தானான்னு எனக்குத் தெரியாதுடா" என்றாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன், தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

"அந்தக் குப்பத்து ஆளு தெரியலன்னுட்டாரு. நானும் தெரியலன்னா, அது யாருக்கும் இல்லாத பொணமா போயிடும். அதான் எங்களுதுன்னேன். அவங்க புள்ளைய நான் தூக்கியாந்துட்டேனோ இன்னாவோ. என் புள்ள அந்தப் பாறைக்குள்ளயே கீறானோ இன்னாவோ."

மறுபடி தடவ ஆரம்பித்தாள். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணு தேளப் பாத்துச்சு, புடிச்சுக்கிச்சு. நான் இன்னாத்தப் பாப்பேன்? உனக்கும் ஒரு தேள் குத்திடணும்" என்றாள்.

பெயர் குத்திக்கொள்கிறேன் என்றேன். தனக்கு எழுத்து தெரியாது, பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்றாள். வேல், ஓம் எதுவும் எங்கள் வீட்டில் கூடாது, நைனா அதில் கண்டிப்பு. தேள் எந்த மதமும் இல்லை. எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். அந்த மாதங்களில் எனக்கு எதிலுமே ஆட்சேபம் இருக்கவில்லை. யானையைக் குத்தச் சொல்லியிருந்தாலும் கையை நீட்டியிருப்பேன்.

ஆனால் என் தோலின் பழக்கம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தேள் குத்தினால் பதினைந்து நாளில் அது செதில் தேளாகும். அதோடு நின்றால் பரவாயில்லை. ஒரு இடத்தில் கிளப்பிவிட்டால் சில சமயம் உடம்பெல்லாம் பொங்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்து வெடித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் கீழே இறங்க லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் வீடு ஏது. அதனால் அம்மா என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் பெங்களூர்க்காரர். தமிழ் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். பச்சை குத்த வேண்டும் என்றதும் சிரித்தார். "உன் தோலுக்கு யாராவது பச்சை குத்துவாங்களா? பைத்தியமா?"

"சிரிக்காதீங்க டாக்டரே" என்று அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். என் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சுற்றி வந்து பார்த்தார். குத்தாமல் இருப்பதுதான் நல்லது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன் என்றார். அதற்கப்புறமும் அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததால் மேலே சொன்னார்.

இப்போது பனிக்காலம், எனக்குச் செதில் ஜாஸ்தியாக இருக்கிறது, வெயில் வந்து அடங்குகிற வரைக்கும் ஊசி பக்கமே போகக் கூடாது. அடங்கின பிறகும் நேராகத் தேள் வேண்டாம். இதுவரை ஒருமுறைகூட செதில் வராத இடமாகப் பார்த்து ஒரே ஒரு புள்ளி. ஆறு வாரம் பொறுக்க வேண்டும். புள்ளி சுத்தமாக இருந்தால் அவரிடம் வந்து காட்டிவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம். புள்ளியில் செதில் வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். திருவிழாவில் பாட்டரி மெஷினால் குத்துகிறவனிடம் போகவே கூடாது, நூறு பேரைக் குத்தின ஊசி அது. ஊசி புதிதாக இருக்க வேண்டும், அரை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். மையில் இலைச்சாறு, தாய்ப்பால் எதையும் கலக்கக் கூடாது. குத்தின பிறகு மஞ்சள் பூசக் கூடாது. பொருக்கு உதிர்கிற வரைக்கும் கீழே இறங்கக் கூடாது, வியர்வையும் தூசியும் பட்டால் சீழ் வைக்கும்.

அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விரலை மடக்கி ஒப்பித்தாள். பஞ்சசீலத்தோடு இதையும் சேர்த்துவிடலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் அவளைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, பழக்கதோஷம்.

தை போய், மாசி போய், பங்குனியில் என் உடம்பு அடங்கியது. அம்மாவுக்கு அந்த மூன்று மாதமும் கேட்டுக் கல்தான். எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

பச்சை குத்துகிற அம்மா பேத்தமங்களா பக்கத்திலிருந்து மாதம் ஒருதரம் லைனுக்கு வருவார். கூடையில் ஊசிக்கட்டும் மைக் கொட்டாங்குச்சியும். என் சட்டையைக் கழற்றியதும் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"யம்மா, இது இன்னா ஒடம்பு? இதுல ஊசி வச்சா அப்புறம் எவ என்னாண்ட கை நீட்டுவா?"

"ஒட்டாது" என்று அம்மா தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "பதிமூணு வருஷமா இவன் மேல வச்ச கை. பாரு. எதுனா கீதா?"

அவர் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நகத்தடியில்கூடப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஆனால் தன் ஊசியைத் தரமாட்டேன் என்றார். அதுதான் எங்களுக்கும் வேண்டும். அம்மா பஜாரில் வாங்கி வைத்திருந்த புது ஊசிப் பொட்டலத்தைப் பிரித்து அலுமினியக் குண்டானில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து தணல் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நானும் இத்தினி வருசமா குத்துறேன். ஊசிய சோறு மாரி வேக வைக்கிறத இங்கதான் பாக்குறேன்" என்றார் அவர். "பதம் பாரு, கொழஞ்சிடப் போவுது."

மைக்கும் தகராறு. அவருடைய மையில் அகத்திச்சாறு இருந்தது. அம்மா மாட்டேன் என்றாள். கழுவின தட்டை விளக்குக்கு மேலே பிடித்துப் புதுக் கரி எடுத்து, கொதித்து ஆறின தண்ணீரில் குழைத்தார்கள். தண்ணீரில் குழைத்தது நிற்காது, பச்சையாகவும் வராது என்று அவர் முணுமுணுத்தார். வழக்கமாகக் குத்தும்போது வலி தெரியாமல் இருக்கப் பாடுவார். "ஒரு புள்ளிக்குப் பாட்டெல்லாம் கெடையாது" என்றுவிட்டார்.

இடது முன்கை உள்பக்கம், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில். என் உடம்பில் அப்படிச் சுத்தமான இடம் அதிகமில்லை. ஏழெட்டு முறை குத்தினார். அம்மா, "வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். வலித்தது என்பது தெரிந்தது. யாரோ ஒருவருக்கு வலிப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றது. எள் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

பொருக்கு உதிர்கிற வரைக்கும் லீவு போட்டேன். அதற்கப்புறம் வழக்கம்போல ஷிஃப்ட், வழக்கம்போல கேட்டுக் கல்லில் அம்மா. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்ப்பாள். விரல் நுனியை அதன்மேல் வைத்து மெல்லத் தடவுவாள். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் நான்கூடக் கொஞ்சம் எதிர்பார்த்தேன், ஒன்றுமில்லை. மூன்றாவது வாரமும் புள்ளி அப்படியே இருந்தது. அம்மா பக்கத்து வீட்டில் கூப்பிட்டுக் காட்டினாள். நான்காவது வாரம் தேள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கொடுக்கு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று கரித்துண்டால் தரையில் போட்டுப் பார்த்தாள். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அண்ணன் போனதிலிருந்து அவள் ஒரு காரியத்தை ஆசையோடு செய்வதை அப்போதுதான் பார்த்தேன்.

ஐந்தாவது வாரம் புள்ளியைச் சுற்றிச் சிவந்தது.

மறைத்தேன். முழுக்கைச் சட்டை போட்டேன். கைக்கு நானே எண்ணெய் தடவிக்கொண்டேன் என்றேன். மர வேலையில் சிராய்த்துக்கொண்டேன், துணி சுற்றியிருக்கிறேன் என்றேன். எனக்குத் தேள் மேல் ஆசை எதுவும் இல்லை. ஆனால் அது குத்திவிட்டால் அவள் கேட்டுக் கல்லை விட்டு எழுந்திருப்பாள், சாப்பிடுவாள் என்று நம்பினேன். உடம்பு பொங்கினால் பொங்கட்டும், வேலை போனால் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் அந்தப் பொய் மூன்று நாள்தான் தாக்குப்பிடித்தது. நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துணியை அவிழ்த்துவிட்டாள்.

ஒரு மிளகு அளவுக்கு வெள்ளைச் செதில். புள்ளி அதற்கடியில் போய்விட்டது.

"பரவால்லம்மா, இத்தோட சேத்தே குத்திடலாம்" என்றேன். "செதில் தேளா இருந்தா இன்னா? உனக்கு அடையாளம் தெரிஞ்சா போதும் இல்ல?"

"வேணாம்."

"அப்ப நாளைக்கும் போய் அந்தக் கல்லுல குந்திக்குவ."

அம்மா எண்ணெயை எடுத்து வந்தாள். படு என்றாள். படுத்தேன். முதுகில் கை வைத்தாள்.

"உனக்குத் தேள் வேணாம்டா" என்றாள். "உன் முதுகுல பதினாலு கீது. எடது தொடையில ஒண்ணு, தேங்கா ஓடு மாரி. முட்டிக்குக் கீழ வாத்தியாரு அடிச்ச கோடு ரெண்டு. கண்ணக் கட்டி உட்டு நூறு பேர் நடுவுல வச்சாலும் தடவிப் பாத்து சொல்லிடுவேன் இது என் புள்ளன்னு. நான் உனக்காகவா தேள் கேட்டேன்?"

கை நின்றது.

"அவனத்தான் நான் பாக்கல. விவரம் தெரிஞ்சப்புறம் தானே குளிச்சிகினு துண்டக் கட்டிகினு வந்துடுவான். நல்லா கீற புள்ளைய யாரு பாப்பாங்க? அந்த ரூம்ல போய் நின்னேன். பாத்தேன். என் புள்ள ஒடம்பு எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியல."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஐந்து மாதமாகக் கேட்காததை அப்போது கேட்டாள்.

"நீ அவன்கூட ஒரே பாயில படுத்து வளந்தியே. அவன் ஒடம்புல எதுனா இருந்துச்சா? மச்சம், தழும்பு, எதுனா?"

இருந்தது. எனக்கு மட்டும் தெரியும். அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, தங்கம் பிரிக்கும் மில்லுக்குப் பின்னால், கழிவாகக் கொட்டின சயனைடு மண் மேட்டில் விளையாடப் போனோம். அங்கே போனால் அம்மா தோலை உரித்துவிடுவாள். சறுக்கி விளையாடும்போது ஒரு துருப்பிடித்த கம்பி இடது உள்ளங்காலில் ஏறிவிட்டது. நானும் அவனும் சேர்ந்து பிடுங்கினோம். வீட்டில் முள் குத்தியது என்று சொல்லி ஒரு மாதம் நொண்டினான். ஆறின பிறகு அந்த இடத்தில் பாதி நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. பாயில் படுத்திருக்கும்போது அந்தக் காலால் என்னை உதைத்தால் எனக்கு அது படும்.

அன்றைக்கு அந்த வராந்தாவைத் தாண்டி நான் உள்ளே போயிருந்தால் காலைத் தூக்கிப் பார்த்து ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

இப்போது சொன்னாலும் போதும். அந்த உடம்பைக் குளிப்பாட்டியது அம்மா. உள்ளங்காலில் தழும்பு என்று நான் சொன்னால், அவள் கைக்கு உடனே தெரிந்துவிடும், அது இருந்ததா இல்லையா என்று. இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதி. இல்லாமல் போயிருந்தால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கைவரைக்கும் ஏறுகிற அளவுக்கு இளைத்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணியும் இல்லம்மா" என்றேன். "அவனுக்குச் சுத்தமான ஒடம்பு. ஒரு கீறல் கெடையாது."

"நெசமாவா?"

"நெசமா."

அம்மா மூச்சை விட்டாள். அவ்வளவு நீளமான மூச்சை நான் யாரிடமும் கேட்டதில்லை.

"அப்ப அவன்தான்" என்றாள். "நான் குளிப்பாட்டுனேன் இல்ல? இடுப்புலேந்து பாதம் வரைக்கும் நானேதான் தேச்சேன். வெரல் வெரலா எடுத்துக் கழுவுனேன். உள்ளங்காலு ரெண்டும் கொழந்த காலு மாரி இருந்துச்சுடா, ஒரு தழும்பு கெடையாது. அவன்தான். என் புள்ளதான்."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அழுதாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், நல்லது, அழட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குப்பம் பக்கத்துப் பெரியவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் தம்பி மாரிகுப்பத்தில் என் அண்ணன் பெயரில் புதைந்திருக்கிறான் என்று. சொல்லவில்லை. அண்ணனை உள்ளே வைத்து அடைத்த அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் பதினோரு வருஷம் வேலைக்குப் போனேன், யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பசிக்கிறது என்றாள். பானையில் இருந்ததைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். நான் எழுந்து போய் எனக்கு வைத்திருந்ததையும் கொண்டுவந்து போட்டேன்.